முகமது அலியின் கொள்கை சொந்தச் சரக்கா, எலிஜா முகமது சொல்லிக் கொடுத்ததா?

கொள்ளிடத்தான்:

ஜூன் 3 வந்தால் போதும், அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் முகமது அலி நினைவு நாள் என்று எல்லாக் குழுவிலும் அதே படம் சுற்ற ஆரம்பித்துவிடும். எதிராளி சோனி லிஸ்டன் மல்லாந்து கிடக்க, மேலே நின்று அலி கையை மடக்கிக் கத்துகிற படம். அடியில் "எல்லா மதத்தையும் நேசித்தவர், நிறபேதம் ஒழியப் பாடுபட்டவர்" என்று ஒரு வாசகம். படம் எடுத்தது 1965 மே மாதம். அந்த அலியிடம் இந்த வாசகத்தைப் படித்துக் காட்டியிருந்தால் அவரே சண்டைக்கு வந்திருப்பார்.

அப்போது அவர் இருந்தது நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற அமெரிக்கக் கறுப்பர்களின் மத அமைப்பில். தலைவர் எலிஜா முகமது. வெள்ளைக்காரர்கள் பிறவியிலேயே பிசாசுகள், யாக்கூப் என்ற விஞ்ஞானி ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னால் அவர்களை உருவாக்கிவிட்டான் என்பது அங்கே பாடம். கறுப்பரும் வெள்ளையரும் கலந்து வாழ்வதை அவர்கள் கேட்கவே இல்லை. தனி நிலம் கேட்டார்கள். மார்ட்டின் லூதர் கிங்கே 1964-ல், இந்த இளைஞர் நாங்கள் எதிர்த்துப் போராடுகிற இனப் பிரிவினைக்குத்தான் சாம்பியன் ஆகியிருக்கிறார் என்று சொன்னார். முதல் மனைவி சோன்ஜி அமைப்பின் உடைக் கட்டுப்பாட்டுக்கு ஒத்துவரவில்லை என்று விவாகரத்து. 1975-ல் பிளேபாய் பேட்டியில், வெள்ளைக்காரப் பெண்ணோடு பழகுகிற கறுப்பனைக் கொல்ல வேண்டும் என்கிற அளவுக்குப் பேசினார். வாட்ஸ்அப் வாசகம் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் படித்ததே இல்லையா?

வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்றாரே என்பீர்கள். எலிஜா இரண்டாம் உலகப் போரிலேயே படைக்குப் பெயர் பதியாமல் சிறை போனவர். அவர் மகன் வாலஸும் அப்படியே போனார். குரு போன வழியில் சீடர் போனார். இதில் சொந்தக் கொள்கை எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள்.

தெற்குச்சீமை:

சொல்கிறேன். ஒலிம்பிக் பதக்கத்தை ஓஹையோ ஆற்றில் வீசினார் என்ற கதையெல்லாம் எனக்கு வேண்டாம், அது நடக்கவில்லை என்று அவர் கூடவே இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நடந்ததைப் பார்ப்போம். 1942-ல் கென்டக்கி லூயிவில்லில் பிறந்தவர். 1955-ல் எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையனை மிசிசிப்பியில் அடித்துக் கொன்றபோது இவருக்கு 13. சிதைந்த அந்த முகத்தின் படம் பத்திரிகையில் வந்தது. அவன் அம்மா சவப்பெட்டியை மூட விடவில்லை, உலகம் பார்க்கட்டும் என்றார். அந்தப் படம் தன்னை விட்டுப் போகவே இல்லை என்று அலி பின்னால் சொல்லியிருக்கிறார். 1963-ல் பர்மிங்ஹாம் சர்ச்சில் குண்டு வைத்து நாலு சிறுமிகளைக் கொன்றார்கள். "வெள்ளைக்காரன் பிசாசு" என்று ஒருவர் மேடையில் சொன்னால் 21 வயதுக்காரனுக்கு அது அபத்தமாகவா பட்டிருக்கும்? அவன் பார்த்த உலகத்துக்கு யாரோ ஒருவர் காரணம் சொன்னார், பிடித்துக்கொண்டான்.

கிங் 1964-ல் சொன்னதை எடுத்துப் போட்டவர் 1967-ல் சொன்னதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அவர் மதத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் அவர் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும் என்று அதே கிங், அட்லாண்டாவில் தன் சர்ச்சிலேயே பிரசங்கம் செய்தார்.

கீழ்ப்படிதல் என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். 1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன். பெயரைக் கூப்பிட்டார்கள், முன்னால் வரவில்லை. திரும்பக் கூப்பிட்டு, இது குற்றம், ஐந்து வருஷம் உள்ளே போகலாம் என்று எச்சரித்தார்கள். அப்போதும் வரவில்லை. அவர் வந்திருந்தால் துப்பாக்கி தூக்கியிருக்கப் போவதில்லை, பழைய சாம்பியன் ஜோ லூயிஸ் மாதிரி முகாம் முகாமாகப் போய்க் காட்சிச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஒரு கையெழுத்து, பட்டம் கையில். அதற்குப் பதிலாக 25 வயதிலிருந்து 28 வரை, எந்தப் பாக்ஸருக்கும் கால் பறக்கிற வருஷங்கள், மேடையே இல்லை. சீடர்கள் லட்சம் பேர் இருப்பார்கள் சார், இப்படிக் கொடுப்பவர் எத்தனை பேர்?

லெஃப்ட் ஹூக் லோகு:

ரெண்டு பேரும் அலியோட பெரிய எதிராளி ஃப்ரேசியர் பேரையே எடுக்காம பேசிட்டு இருக்கீங்க. நடத்துங்க.

வக்கீல் குமாஸ்தா:

நீதிமன்றம் அலியின் கொள்கையை அங்கீகரித்தது என்று யாராவது சொல்ல வருவதற்குள் இதைப் போட்டுவிடுகிறேன்.

கதை 1964-லேயே தொடங்குகிறது. படைத் தேர்வில் எழுத்துப் பரீட்சையில் தோற்றார், தகுதியில்லை என்று வைத்தார்கள். "நான்தான் தலைசிறந்தவன் என்றேன், தலைசிறந்த அறிவாளி என்று சொல்லவில்லையே" என்கிற மாதிரி அவரே கிண்டல் செய்தார். 1966-ல் வியட்நாமுக்கு ஆள் போதவில்லை, தேர்ச்சி வரம்பைக் கீழே இறக்கினார்கள், இவர் தகுதியானவராகிவிட்டார். மனசாட்சி மறுப்பாளர், அதாவது நம்பிக்கை காரணமாகப் போருக்குப் போக மறுப்பவர், என்று மனுப் போட்டார். விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி லாரன்ஸ் கிராமன், இவர் சொல்வது உண்மையான நம்பிக்கைதான், கொடுங்கள் என்று எழுதினார். நீதித்துறை அமைச்சகம் கொடுக்காதே என்றது. மேல்முறையீட்டு வாரியம் காரணம் ஒன்றும் எழுதாமல் மனுவைத் தள்ளியது. 1967 ஜூனில் ஐந்து வருஷச் சிறை, 10,000 டாலர் அபராதம். அப்பீல் நடந்ததால் உள்ளே போகவில்லை, ஆனால் பாஸ்போர்ட் போனது, பாக்ஸிங் லைசென்ஸ் போனது.

1971-ல் உச்ச நீதிமன்றம். தர்குட் மார்ஷல் முன்பு அரசு வழக்கறிஞராக இருந்ததால் விலகிக்கொண்டார், மிச்சம் எட்டுப் பேர். முதல் கலந்தாய்வில் 5-3 என்று அலிக்கு எதிராகத்தான் நின்றது. தீர்ப்பு எழுத நீதிபதி ஹார்லனிடம் கொடுத்தார்கள். அவருடைய குமாஸ்தாக்கள் (எங்கள் இனம், பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்) நேஷன் ஆஃப் இஸ்லாம் பற்றிய புத்தகங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஹார்லன் படித்துவிட்டு மாறினார். 4-4. இப்படியே விட்டால் ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் அலி ஜெயிலுக்குப் போவார். அப்போது இன்னொரு நீதிபதி ஸ்டூவர்ட் ஒரு சந்து கண்டுபிடித்தார்: வாரியம் எந்தக் காரணத்துக்காகத் தள்ளியது என்றே தெரியவில்லை, அரசு சொன்ன மூன்று காரணங்களில் இரண்டு தவறு என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது, ஆகவே தண்டனை ரத்து. 8-0.

அவர் எல்லாப் போரையும் எதிர்க்கிறாரா, அல்லா கட்டளையிட்டால் போவாரா என்ற உண்மையான கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லவே இல்லை. நம்பிக்கை மெய்யானது என்பதை மட்டும் எதிர்த் தரப்பே கடைசியில் மறுக்கவில்லை.

நாகூர்க்காரர்:

அஸ்ஸலாமு அலைக்கும். பேச்சு மதத்துக்குப் போனதால் ஒரு முஸ்லிமாகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எலிஜா முகமது நடத்தியதை நாங்கள் இஸ்லாம் என்று ஒத்துக்கொள்ள முடியாது. அமைப்பைத் தொடங்கிய டபிள்யூ. டி. ஃபார்ட் என்பவர் மனித வடிவில் வந்த அல்லா என்றும், எலிஜா அவருடைய தூதர் என்றும் சொன்னார்கள். அஸ்தஃபிருல்லாஹ். நோன்புகூட டிசம்பர் மாதத்தில் வைக்கச் சொன்னார், பகல் குறைவு என்பதால், கிறிஸ்துமஸுக்கு மாற்றாகவும். அவர்கள் பள்ளிவாசலில் சர்ச் மாதிரி நாற்காலி போட்டிருந்தார்கள். நெற்றி தரையில் பட ஸஜ்தா எங்கே செய்வது? ஆகவே 1960களில் அவர் பேசியதை வைத்து "இஸ்லாம் இப்படித்தான்" என்று யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள், கொள்ளிடத்தான் அண்ணன் அப்படிச் சொல்லவில்லை என்பது தெரியும்.

அலி 1972-ல் ஹஜ் போனார். 1975 பிப்ரவரியில் எலிஜா மௌத்தானதும் மகன் வாலஸ், பின்னால் வாரிதுத்தீன் முகமது என்று பெயர், அமைப்பையே சுன்னத் ஜமாஅத் பக்கம் திருப்பினார். நாற்காலியை எடுத்தார், நோன்பை ரமலானுக்குக் கொண்டுவந்தார், வெள்ளைக்காரர்களும் சேரலாம் என்றார். அமைப்பின் இன்னொரு தலைவர் ஃபர்ரக்கான் பிரிந்துபோய்ப் பழைய கடையைத் திறந்தார். அலி அவர் பின்னால் போகவில்லை. பழைய அமைப்பு உலகச் சாம்பியனை இரு கை நீட்டி வரவேற்றிருக்கும், பாய் வாரிதுத்தீனோடு போனார். இதைத்தான் நான் சொந்த முடிவு என்பேன்.

ஒன்றுதான் மனசில் நிற்கிறது. 1964 மே மாதம் கானாவில், எலிஜாவின் அமைப்பில் பெரிய பேச்சாளராக இருந்து பிரிந்து, ஹஜ் முடித்து வந்த மால்கம் எக்ஸ் எதிரே வந்தபோது அலி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று மாதம் முன்னால் மயாமியில் லிஸ்டன் சண்டைக்குக் கூடவே இருந்து தெம்பு சொன்ன மனுஷன். நீ எலிஜாவோடு சண்டை போட்டிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த பிப்ரவரியில் மால்கத்தைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மால்கத்தை விட்டு விலகியது வாழ்க்கையில் மிகவும் வருந்துகிற தவறுகளில் ஒன்று என்று அலி 2004-ல் எழுதினார்.

கொள்ளிடத்தான்:

பாய் எனக்காக வாதாடிவிட்டார். சரியானதை முதலில் கண்டுகொண்டவர் மால்கம். ஹஜ்ஜில் எல்லா நிறத்து மக்களோடும் ஒரே தட்டில் சாப்பிட்டு, கொள்கையை மாற்றி, அதற்காக உயிரையும் விட்டார். அலி அதே இடத்துக்கு வர எலிஜா சாகும்வரை காத்திருந்தார். 1969-ல் பணத்துக்காக மறுபடி பாக்ஸிங் ஆடுவேன் என்று டிவியில் சொன்னதற்கு எலிஜா அவரை ஒரு வருஷம் ஒதுக்கிவைத்து, பெயரையும் பிடுங்கினார். அப்போதும் முணுமுணுக்கவில்லை. மேனேஜர் யார்? எலிஜாவின் மகன் ஹெர்பர்ட். கல்லாவும் அவர்கள் கையில், கொள்கையும் அவர்கள் கையில்.

தெற்குச்சீமை:

ஒதுக்கிவைத்த காலத்தில் அமைப்பும் இல்லை, லைசென்ஸும் இல்லை, தண்டனை தலைக்கு மேல். "குரு கைவிட்டுவிட்டார், ராணுவத்தில் சேர்ந்துகொள்கிறேன்" என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் ஏது? சொல்லவில்லையே. கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசிப் பிழைத்தார். உங்கள் கீழ்ப்படிதல் வாதம் இந்த இடத்தில் நொண்டுகிறது.

மவுண்ட்ரோடு:

இடையில் ஒன்று. 1980 ஜனவரியில் அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார், எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். எங்கப்பா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். அதே இந்தியப் பயணத்தில்தான், மாஸ்கோ ஒலிம்பிக்ஸைப் புறக்கணிக்க ஆப்பிரிக்காவைச் சம்மதிக்க வை என்று ஜிம்மி கார்ட்டர் அவரைப் பிடித்து அனுப்பினார். தான்சானியாவில் அதிபர் நைரேரே பார்க்கவே மறுத்துவிட்டார், வந்தது ஒரு விளையாட்டு வீரர்தானே என்று. 1976-ல் மான்ட்ரியால் ஒலிம்பிக்ஸை ஆப்பிரிக்கா புறக்கணித்தபோது அமெரிக்கா எங்கே போனது என்று நிருபர்கள் கேட்க, அலிக்கு அந்தச் சங்கதியே தெரிந்திருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவை எதிர்ப்பவர்களுக்கு ரஷ்யா உதவுவதும் அங்கே போய்த்தான் தெரிந்தது. இதையெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன் என்கிற ரீதியில் பேசிவிட்டார். நான்கே வருஷம் கழித்து ரீகனுக்கு ஆதரவு. அரசியலில் அவர் குழந்தை. யார் தோளில் கை போட்டாலும் கூடப் போவார். ஜயர் சர்வாதிகாரி மொபுட்டு சண்டை போடக் கூப்பிட்டாரா, கின்ஷாசா. பிலிப்பைன்ஸ் சர்வாதிகாரி மார்கோஸ் கூப்பிட்டாரா, மணிலா.

லெஃப்ட் ஹூக் லோகு:

இப்ப மணிலா வந்துச்சா, இனி நான் பேசறேன். குத்துச்சண்டை க்ளவ்ஸ் மாட்டுன பழக்கம் இருக்கறதால மத்தவங்களவிட இது எனக்குக் கொஞ்சம் எரியுது.

ஜோ ஃப்ரேசியர், சவுத் கரோலினா பியூஃபோர்ட்ல ஏழை விவசாயக் குடும்பத்துப் பையன். ஃபிலடெல்ஃபியாவுல கறிக்கூடத்துல வேலை பாத்தவரு. அலி அப்பா போர்டு பெயிண்டர், லூயிவில்ல சொந்த வீடு. ரெண்டு பேர்ல யாரு கஷ்டப்பட்ட கறுப்பரு? அலி லைசென்ஸ் இல்லாம கெடந்தப்ப கைல காசு குடுத்தவரு ஃப்ரேசியர். லைசென்ஸ் திரும்பக் குடுங்கன்னு பேசுனவரும் அவருதான். அதுக்குக் கெடச்ச மரியாதை என்ன தெரியுமா? "அங்கிள் டாம்". வெள்ளக்காரனுக்கு அடிமைன்னு அர்த்தம். 1975-ல மணிலாவுக்கு முன்னாடி கொரில்லான்னு பேரு வச்சி, ரப்பர் கொரில்லா பொம்மைய பாக்கெட்லேர்ந்து எடுத்து, பத்திரிகைக்காரங்க முன்னாடி குத்தி வெளையாடுனாரு. கறுப்பின மக்களோட மானத்துக்காக நின்னவரு ஒரு கறுப்பர பாத்துச் சொல்ற வார்த்தையா அது? ஃப்ரேசியர் புள்ளைங்கள ஸ்கூல்ல கேலி பண்ணாங்க.

எதிராளி எர்னி டெரல்ல எடுங்க. 1967, பழைய பழக்கத்துல அலிய அவரோட பழைய பேரு க்ளேன்னு கூப்டாரு. 15 ரவுண்டு சண்டைல "என் பேரு என்ன?"ன்னு கேட்டுக் கேட்டு அடி. இன்னொரு எதிராளி பேட்டர்சன 1965-ல அப்படியே இழுத்து இழுத்து. கொள்கைக்காக அடிச்சாராம். நாக் அவுட் பண்ண முடிஞ்ச ஆள நிக்க வச்சி அடிக்கறதுக்கு எங்க ஏரியாவுல வேற பேரு இருக்கு.

தெற்குச்சீமை:

லோகு, 2001-ல் நியூயார்க் டைம்ஸ் மூலமாக ஃப்ரேசியரிடம் வருத்தம் தெரிவித்தார். சண்டைக்கு டிக்கெட் விற்கப் பேசியது என்றார்.

டெரல் விஷயத்தில் நான் உங்களோடு இல்லை. மூன்று வருஷமாகப் பத்திரிகைகள், அறிவிப்பாளர்கள், எதிராளிகள் எல்லாரும் வேண்டுமென்றே பழைய பெயரையே சொன்னார்கள். உச்ச நீதிமன்ற வழக்கின் பெயரே க்ளே எதிர் அமெரிக்கா. இன்னொரு மனிதன் பெயரை அவன் விருப்பப்படி சொல்ல மறுப்பது விளையாட்டு இல்லை. கேட்டார்.

லெஃப்ட் ஹூக் லோகு:

ஃப்ரேசியர்கிட்ட நேர்ல சொல்லாம பத்திரிகைகிட்ட சொன்ன மன்னிப்பு. டிக்கெட்டுக்குன்னா இன்னும் கேவலம். 2011-ல ஃப்ரேசியர் செத்தாரு, கற்பனை பாக்ஸர் ஒருத்தனுக்கு ஃபிலடெல்ஃபியாவுல அதுக்கு ரொம்ப முன்னாடியே சிலை நின்னுச்சு. இவருக்கு 2015-ல.

நாகூர்க்காரர்:

லோகு தம்பி சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் குழந்தை என்ற மவுண்ட்ரோடு அண்ணனுக்கு: 1990-ல் பார்க்கின்சன் நோயோடு, பேச்சு குழறிய நிலையில், பாக்தாத் போய்ச் சதாமைப் பார்த்து 15 அமெரிக்கப் பிணையாளிகளைக் கூட்டி வந்தார். வெள்ளை மாளிகைக்கு அது பிடிக்கவில்லை. அப்போது யார் தோளில் கை போட்டார்கள்? 2015 டிசம்பரில், முஸ்லிம்களை நாட்டுக்குள் விடாதே என்று டிரம்ப் பேசியபோது, தன் மதத்தைப் பயன்படுத்திக் கொலை செய்கிறவர்களையும் கண்டித்து, முஸ்லிம்களை வைத்து அரசியல் லாபம் தேடுகிறவர்களையும் எதிர்க்கச் சொல்லி அறிக்கை விட்டார். அடுத்த ஜூனில் போய்ச் சேர்ந்தார்.

கொள்ளிடத்தான்:

அதற்கு நடுவே 2005-ல், ஈராக் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, புஷ் கையால் சுதந்திரப் பதக்கம் வாங்கிக்கொண்டார். பேச முடியாதவர் கழுத்தில் எதையும் மாட்டலாம். என் கோபம் அலி மேல் பாதிதான். மீதி, அவரைக் கறுப்பின தீவிரவாதி என்று ஒதுக்கிய அதே அமெரிக்கா, வாய் அடைத்ததும் தூக்கி வைத்துக்கொண்டாடியதே, அதன் மேல். அவர் சொன்னது தப்போ சரியோ, சொன்னபடி நினைவில் வையுங்கள்.

தெற்குச்சீமை:

பதக்கம் மாட்டிய புஷ் கையை முஷ்டி மடக்கிச் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி காட்ட, அலி தன் தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றி "உனக்கென்ன பைத்தியமா" என்று காட்டினார். வீடியோ இருக்கிறது. வாய்தான் அடைத்தது.

வக்கீல் குமாஸ்தா:

கடைசியாக ஒரு சட்டக் குறிப்பு. 2018-ல் டிரம்ப் அலிக்கு மன்னிப்பு வழங்க யோசிப்பதாக அறிவித்தார். அலி குடும்ப வக்கீல், நன்றி, ஆனால் மன்னிக்க அங்கே தண்டனையே இல்லை, 1971-லேயே ரத்தாகிவிட்டது என்று பதில் அனுப்பினார்.

லெஃப்ட் ஹூக் லோகு:

மன்னிப்பு குடுக்கற மூடுல இருந்தா ஃப்ரேசியர் வீட்டுப் பக்கம் அனுப்பச் சொல்லுங்க.