கோவளத்தில் ஒரு ராத்திரி தங்க ஐயாயிரம் போதுமா? மார்த்தாண்டத்தில் இருந்து நாலு பேர்

அச்சுக்கூடம்_மார்த்தாண்டம்:

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பத்திரிகை வராது, மெஷின் பாதி நாள் சும்மா நிற்கும், முதலாளியே லீவு எடுத்துக்கோ என்பார். ஆகவே எங்கள் வீட்டில் டூர் என்றால் அது ஆடியில்தான்.

மனைவிக்குக் கோவளத்தில் ஒரு நாளாவது தங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாங்கள் திருவனந்தபுரம் போவது மெடிக்கல் காலேஜுக்கு மட்டும்தான். நான், மனைவி, அம்மா, யுகேஜி படிக்கும் பையன். மொத்தமாகக் கையில் ஐயாயிரம் இருக்கிறது. போக வர, ரூம், சாப்பாடு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். நெட்டில் தேடினால் ரூம் மட்டுமே நாலாயிரம், ஐயாயிரம் என்று காட்டுகிறது. மழை வேறு. அம்மாவுக்கு மூட்டு வலி, படி ஏற முடியாது. நடக்கிற காரியம்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களியக்காவிளை_அக்கா:

தாராளமாகப் போகலாம் தம்பி. ஆடியாக இருப்பதால் ஐயாயிரத்தில் மிச்சம்கூடப் பிடிக்கலாம். எனக்கு ஊர் களியக்காவிளை. கோவளம் லைட்ஹவுஸ் பீச்சுக்குப் பின்னால் மேட்டில் ஒரு சின்ன லாட்ஜில் கணக்கும் ரிசப்ஷனும் பார்க்கிறேன். எந்த லாட்ஜ் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் விளம்பரம் என்பீர்கள்.

முதலில் ரூம். டிசம்பர், ஜனவரியில் எங்கள் இடத்தில் இரண்டாயிரத்து ஐநூறுக்குப் போகும் டபுள் ரூம், ஆடியில் ஆயிரத்துக்குப் பேசினால் கிடைக்கும். ஏசி வேண்டாம், மழைக்காலத்தில் ராத்திரி ஃபேனே குளிரும். அம்மாவுக்கு ஒரு எக்ஸ்ட்ரா பெட் கேளுங்கள், இருநூறு முந்நூறு சேரும். சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாய், புதன் மாதிரி வாருங்கள். ஓணத்துக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள், ஓண வாரம் வந்தால் ரேட் ஏறிவிடும், அப்புறம் நானே குறைக்க மாட்டேன்.

இன்னொன்று. ஆட்டோவில் ஏறி "நல்ல ரூம் ஒண்ணு காட்டுங்க" என்று கேட்காதீர்கள். அவர் அழைத்து வந்தால் அவருக்குக் கமிஷன் உண்டு, அது உங்கள் வாடகையில்தான் ஏறும். கோவளம் ஜங்ஷனில் இறங்கி, மனைவியையும் அம்மாவையும் ஒரு டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் தனியாக நடந்து போய் நாலு இடம் பாருங்கள். பையும் குழந்தையுமாகப் போய் நின்றால், இவர்கள் வேறெங்கும் போக மாட்டார்கள் என்று எதிரே நிற்கிறவனுக்குத் தெரிந்துவிடும். எனக்கும் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் ரூம் பார்க்கும்போது விலையைவிட ஈரத்தைத்தான் பார்க்க வேண்டும். கதவைத் திறந்ததும் வாடை வருகிறதா பாருங்கள். ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். தலையணை உறையைக் கழற்றினால் உள்ளே பஞ்சுத் துணியில் கரும்புள்ளி இருக்கும். மெத்தையின் கால்மாட்டைத் தூக்கினால் அடியிலும் அதே புள்ளி. அந்த ரூம் ஐநூறுக்குக் கொடுத்தாலும் வேண்டாம், பையனுக்கு மூக்கு ஒழுகும். பொதுவாக மாடி ரூம்தான் ஈரமில்லாமல் இருக்கும், ஆனால் அம்மாவுக்குப் படி ஆகாதே. அதனால் கீழ் ரூமிலேயே கிழக்கே ஜன்னல் உள்ளதைக் கேளுங்கள். லைட்ஹவுஸ் பீச் பின்பக்கச் சந்துகள் எல்லாம் படியும் மேடும்தான். ஹவா பீச் பக்கமோ, ஜங்ஷனில் இருந்து இறங்கும் ரோட்டு ஓரமோ பாருங்கள், வாசல் வரை ஆட்டோ வரும்.

பீச்சை ஒட்டி, நடைபாதையைப் பார்த்த மாதிரி இருக்கிற ரூமுக்கு அந்த ஜன்னலுக்காகவே கூடுதல் காசு. ரூமில் நீங்கள் தூங்கத்தான் போகிறீர்கள். ஐந்து நிமிடம் நடந்தால் கடல். அந்தக் காசுக்கு ஒரு நேரம் நல்ல மீன் சாப்பிடலாம்.

மீன் என்றதும் சொல்ல வேண்டியது: சாயங்காலம் பீச் ஓரக் கடைகளில் ஐஸ் போட்டு மேசை நிறைய மீனை அடுக்கி வைத்திருப்பார்கள். விலைப் பட்டியல் இருக்காது. மீனைத் தூக்கிக் காட்டி எந்த மாதிரி வேண்டும் என்று மட்டும் கேட்பார்கள். பில் வரும்போது எடைக்கு ஒரு கணக்கு, பொரித்ததற்கு ஒரு கணக்கு, மேலே வரி. அங்கே டீ குடியுங்கள், கடலைப் பாருங்கள், சாப்பாட்டுக்கு விழிஞ்ஞம் போங்கள். கோவளத்தில் இருந்து பஸ் ஏறினால் அடுத்த ஊர்தான். விழிஞ்ஞத்தில் கடலுக்குப் போகிறவர்கள் சாப்பிடுகிற சின்ன ஹோட்டல்கள் இருக்கின்றன. சோறு, மீன் குழம்பு, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), மேலே ஒரு நெத்திலி பொரியல், இல்லை கணவாய் ரோஸ்ட். நாலு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பீச் கடையில் ஒரு மீனுக்குக் கொடுக்கிற காசைத்தான் கொடுப்பீர்கள்.

ஆடியில் இதில் ஒரு லாபமும் உண்டு. மற்ற கரைகளில் அலை கடுமையாகி வள்ளம் இறக்க முடியாத நேரத்தில், விழிஞ்ஞம் ஹார்பர் மறைவாக இருப்பதால் பக்கத்து ஊர் வள்ளங்களும் இங்கே வந்துதான் கட்டும். ஜூலை 31 வரை டிராலருக்கு, அதாவது இழுவலை போடும் பெரிய படகுக்குத் தடை இருக்கும், வள்ளத்துக்குத் தடை கிடையாது. டூரிஸ்டுக்கு ஆஃப் சீசன், மீனுக்கு அதுதான் சீசன். காலையில் ஹார்பரில் ஏலம் போடுவதைப் பையனுக்குக் காட்டுங்கள். போகும்போது பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

கடல் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். டிசம்பர் போட்டோவில் பார்க்கிற அகல மணல் இப்போது இருக்காது. மழைக்காலத்தில் கடல் மணலை இழுத்துக்கொண்டு போய்விடும், சில நாள் அலை நடைபாதைச் சுவரிலேயே வந்து அடிக்கும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் வரைகூட இறங்க வேண்டாம். லைஃப் கார்டு விசில் அடித்தால் வாக்குவாதம் செய்யாதீர்கள். அடியில் இழுக்கிற நீரோட்டம் கரையில் நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. பையனுக்கு ஒரு காந்தம் எடுத்துப் போங்கள், பழைய ஸ்பீக்கரில் கழற்றியது இருந்தால் நல்லது. கோவளம் மணலில் கறுப்பாக வரி வரியாகத் தெரிவது இல்மனைட் என்ற தாது, நம்ம மணவாளக்குறிச்சியில் எடுக்கிறார்களே, அதே சரக்கு. காந்தத்தைப் பாலிதீன் கவரில் போட்டு மணலில் உருட்டினால் கறுப்புப் பொடி மீசை மாதிரி ஒட்டும். கவரை உரித்தால் உதிர்ந்துவிடும். எங்கள் லாட்ஜுக்கு வரும் பிள்ளைகள் இதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவார்கள், பெற்றவர்களுக்கும் நிம்மதி.

முட்டம்_காற்று:

எதுக்கு மக்கா இவ்வளவு சுத்தணும்? நம்ம மாவட்டத்துலயே முட்டம் இருக்கு, லைட்ஹவுஸும் இருக்கு. தேங்காப்பட்டணம் போனா ஆறு கடல்ல சேர்ற இடத்தையே பாக்கலாம். காலைல போய்ட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம். ஐந்நூறு ரூவாய்ல முடியுற காரியத்துக்கு ஐயாயிரமா?

களியக்காவிளை_அக்கா:

அண்ணே, முட்டம் அழகுதான், யார் இல்லை என்றது. ஆனால் அவர் மனைவி தங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மறுநாள் இட்லிக்கு மாவு யார் ஆட்டுவது, நீங்களா?

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

தம்பி, நான் நெய்யாற்றின்கரையில் இருக்கிறேன். போகிற வழியைச் சொல்கிறேன். காசு குறைவு என்றால் குழித்துறையில் பாசஞ்சர் ஏறி திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்குங்கள். டிக்கெட் ஒரு டீ குடிக்கிற காசுதான், அம்மாவும் காலை நீட்டி உட்காரலாம். அங்கிருந்து கிழக்கேகோட்டை போனால் கோவளம், விழிஞ்ஞம் பஸ் அடுத்தடுத்து வரும். பஸ்ஸிலேயே போவதானால் களியக்காவிளை வரை நம்ம டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அங்கிருந்து பூவார் போய்க் கடலோரமாகவே விழிஞ்ஞம் போகலாம். கேரள பஸ்ஸில் எல்லாருக்கும் டிக்கெட் உண்டு, கண்டக்டரிடம் சண்டை போடாதீர்கள்.

காசில்லாமல் பார்க்க மூன்று இடம் சொல்கிறேன். விழிஞ்ஞத்தில் ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு என்பார்கள். ஒரே பாறையைக் குடைந்தது, உள்ளே வீணாதர தட்சிணாமூர்த்தி, அதாவது வீணை ஏந்திய சிவன், வெளிச் சுவரில் சிவனும் பார்வதியும் பாதியில் நிறுத்திய சிற்பமாக நிற்பார்கள்.  ஏன் நிறுத்தினார்கள் என்று யோசித்துக்கொண்டே நிற்கலாம். விழிஞ்ஞம் அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தை ஆண்ட ஆய் அரசர்களின் துறைமுகம். பாண்டியன் நெடுஞ்சடையன் விழிஞத்தைப் பிடித்ததைச் சீவரமங்கலச் செப்பேடு பெருமையாகப் பாடும். கோவளம் போகிற கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இரண்டாவது ஆழிமலை சிவன் கோயில். பூவார் ரோட்டில், கடல் பாறை மேல் 58 அடி கங்காதரேஸ்வரர் சிலை. மூன்றாவது விழிஞ்ஞம் புதுத் துறைமுகம். 2024 ஜூலையில் முதல் பெரிய கப்பல் வந்தது, 2025 மே மாதம் பிரதமர் திறந்து வைத்தார். உள்ளே விட மாட்டார்கள், ஆனால் கரையில் நின்றாலே கிரேன்கள் தெரியும். பையன் கண்டிப்பாகக் கேள்வி கேட்பான், தயாராகப் போங்கள்.

லைட்ஹவுஸில் ஏற டிக்கெட் குறைவுதான். 1972ல் எரியத் தொடங்கியது. சுற்றுப் படி என்பதால் அம்மா கீழே இருக்கட்டும்.

அச்சுக்கூடம்_மார்த்தாண்டம்:

ரொம்ப நன்றி அக்கா, சார். முட்டம் அண்ணனுக்கும் நன்றி, மனைவி அக்கா சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டாள். இரண்டு சந்தேகம். அப்பா இறந்தபின் அம்மா ஆடி பிறந்தால் அமாவாசை வரை மீன், கறி தொட மாட்டார். அவருக்குச் சாப்பாடு எப்படி? அமாவாசை அன்றைக்கே வந்தால் அங்கேயே தர்ப்பணம் கொடுக்கலாமா?

களியக்காவிளை_அக்கா:

அமாவாசை அன்றைக்குக் கொடுக்க வேண்டுமானால் திருவல்லம் பரசுராமர் கோயில். கோவளம் போகிற ரோட்டிலேயே, கரமனை ஆற்றங்கரை. இங்கே அதைக் கர்க்கடக வாவு என்பார்கள். பெண்களும் உட்கார்ந்து பலி போடுவார்கள், உங்கள் அம்மாவே அப்பாவுக்குச் செய்யலாம், விருப்பம் இருந்தால். தர்ப்பை மோதிரம், எள், பச்சரிசிச் சோற்று உருண்டை எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். முடிந்ததும் ஈரக் கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிடுவார்கள். ஆனால் கூட்டம் என்றால் கூட்டம். விடியும் முன்பே வரிசை நிற்கும், அன்று அந்த ரோட்டில் பஸ் நகராது. மூட்டு வலி உள்ளவரை ஈர மண்ணில் அவ்வளவு நேரம் நிறுத்தி வைக்க வேண்டுமா என்று யோசியுங்கள். என்னைக் கேட்டால், குழித்துறை ஆற்றிலேயே கொடுத்துவிட்டு, அமாவாசை முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை வாருங்கள். அம்மாவும் மீன் சாப்பிடலாம், ரூமும் காலியாக இருக்கும்.

அதற்கு முன்னால்தான் வர முடியும் என்றால், கோவளம் ஜங்ஷன் டீக்கடைகளில் காலையில் புட்டும் கடலையும், அப்பமும் கிடைக்கும். மத்தியானம் சைவச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் மீன் பொரிக்கும் வாசனை இல்லாத கடை அந்தப் பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு அது சங்கடம் என்றால் முதல் நாள் மத்தியானத்துக்கு வீட்டில் இருந்தே வாழையிலையில் பொதிச்சோறு கட்டி வாருங்கள். ராத்திரி ஏத்தன்பழமும் (நேந்திரம்பழம்) பாலும் போதும் என்பார், அந்த வயதுக்காரர்கள் அப்படித்தான்.

கணக்கு: ரூமும் எக்ஸ்ட்ரா பெட்டும் ஆயிரத்து முந்நூறு. வண்டிக் காசு, உள்ளூர் பஸ், இரண்டு மூன்று ஆட்டோ எல்லாம் சேர்த்து எண்ணூறு. இரண்டு நாள் சாப்பாடு, டீ, பழம்பொரி ஆயிரத்து ஐநூறு. மீதி உங்கள் கையில். போகிற வழியில் பாலராமபுரத்தில் இறங்கினால் தறி வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. அந்த நெசவாளர் குடும்பங்கள் நம்ம பக்கத்தில் இருந்து அந்தக் காலத்தில் ராஜா கூட்டி வந்தவர்கள்தான். கசவுக் கரை (ஜரிகைக் கரை) போட்ட நேரியல், அதாவது மேல்துண்டு, ஒன்று அம்மாவுக்கு வாங்கலாம்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ரூமைக் காலி செய்யச் சொல்வார்கள். பையை ரிசப்ஷனில் வைத்துவிட்டுச் சாயங்காலம் வரை சுற்றலாம், ஆஃப் சீசனில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஒரு நைலான் கயிறும் துணி கிளிப்பும் கொண்டு வாருங்கள், மழையில் ஒன்றும் காயாது, ஃபேனுக்கு அடியில் கட்டிப் போட்டால்தான் உண்டு. லாட்ஜ்காரரிடம் பக்கெட் கேளுங்கள், கயிறு கேட்டால் முறைப்பார்.