முதல் உலகப்போர் நினைவுத் தகடு: படைப்பிரிவைக் கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம். முதல் உலகப்போரில் ஈராக்கின் பாஸ்ரா பக்கம் இறந்துபோன எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்காக பிரிட்டிஷ் அரசு அனுப்பிய வெண்கலத் தகடு அத்தையிடம் இருக்கிறது. 12 செ.மீ. அகலம், சூலம் ஏந்திய பிரிட்டானியா (பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த சின்னம்), பக்கத்தில் சிங்கம், சின்னக் கட்டத்துக்குள் புடைப்பெழுத்தில் அவர் பெயர். இப்படி 13 லட்சத்துக்கும் மேல் வார்த்தார்களாம். உயிரைக் கொடுத்ததில் பெரியவர் சிறியவர் கிடையாது என்று யாருக்குமே பதவியைப் பொறிக்கவில்லை. அது ரொம்பச் சரியான முடிவு, ஆனால் படைப்பிரிவும் எண்ணும்கூட இல்லாததால் எங்கிருந்து தேடுவது என்றே தெரியவில்லை.

பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பிலேயே எண், பெயர், பிரிவு எல்லாம் இருக்கும், அது எங்கள் வீட்டில் இல்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடினால் அதே பெயரில் நிறையப் பேர் வருகிறார்கள், சிலருக்குத்தான் அப்பா பெயரும் ஊரும் போட்டிருக்கிறது.

மதராஸ் மாகாணத்திலிருந்து போனவர்களைப் பற்றி யாராவது தேடியிருக்கிறீர்களா? சேப்பர்ஸ் (ராணுவப் பொறியியல் பிரிவு), கர்நாடிக் இன்ஃபன்ட்ரி (காலாட்படை), தொழிலாளர் படை (லேபர் கோர்) என்று எந்தப் பதிவேட்டை முதலில் பார்க்கலாம்? அப்புறம், தம்பி தகட்டைப் புளி போட்டுத் துலக்கலாம் என்கிறான், எழுத்து ஏற்கெனவே தேய்ந்திருப்பதால் நான் தடுத்து வைத்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் அதையும் சொல்லுங்கள். அத்தைக்கு வயதாகிவிட்டது, அவர் இருக்கும்போதே தெரிந்தால் நல்லது.