அயர்லாந்தில் இருப்பவர்கள் கொஞ்சம் உதவ முடியுமா?

மேயோ மாவட்டத்தில் கேரா ஏரிக்கரையில் உள்ள மூர் ஹால் என்ற மாளிகை பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். 1790களில், ஸ்பெயின் வணிகத்தில் சேர்த்த பணத்தில் கட்டியது. 1846 பஞ்சத்தில் அந்த வீட்டு வாரிசின் கொரானா என்ற குதிரை செஸ்டர் பந்தயத்தில் ஜெயிக்க, அந்தப் பணத்தில் குத்தகைக்காரர்களின் பசியாற்றினார். அப்படிப்பட்ட வீட்டையும் 1923 பிப்ரவரியில், உள்நாட்டுப் போரின்போது, புதிய ஐரிஷ் அரசை எதிர்த்தவர்கள் கொளுத்திவிட்டார்கள். காரணம், குடும்பத்தில் ஒருவர் அந்த அரசில் செனட்டர். இன்று கூரையில்லாத சுவர்கள்தான், உள்ளே வௌவால்கள்.

குத்தகைக்காரர்கள் பக்கத்துக் கதைதான் கிடைக்கவில்லை. கிரிஃபித் மதிப்பீட்டுப் பதிவேட்டில் (19ஆம் நூற்றாண்டு நடுவில் வரிக்காக நிலம், வீடுகளை மதிப்பிட்ட பட்டியல்) பெயரையும் வரைபடத்தில் வயலையும் எப்படிப் பொருத்துவது? பார்த்துப் பழகியவர்கள் சொல்லுங்கள். அந்தப் பக்கம் போனால் ஜன்னல் ஓட்டைகளை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அப்புறம், 'லேண்டட் ஜென்ட்ரி'க்கு (குத்தகை வருமானத்தில் வாழ்ந்த நிலவுடைமைக் குடும்பங்கள்) மிராசுதார் என்று போடலாமா? ஜமீன்தார் என்றால் வரிவசூல் வாடை அடிக்கிறது.