பைத்தானில் ஃபார் லூப், காம்ப்ரிஹென்ஷன், மேப்: எது வேகம்?

கேள்வி:
வணக்கம். எங்கள் நூலகத்தின் பதிவு எண்கள் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒன்றாக 5 லட்சம் இருக்கின்றன. அவற்றை இன்ட் (முழு எண்) ஆக்கி, காணாமல் போன 20,000 புத்தகங்களின் லிஸ்ட்டில் எவையெல்லாம் வருகின்றன என்று பார்க்க வேண்டும். இன்ட் ஆக்கும் வேலையை மட்டும் மூன்று விதமாக டைம்இட்டில் (பைத்தானின் நேரம் அளக்கும் கருவி) அளந்தேன்: ஃபார் லூப்பில் அப்பெண்ட் (லிஸ்ட்டின் கடைசியில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது), லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் (லிஸ்ட்டை ஒரே வரியில் உருவாக்கும் லூப்), மேப் (ஒரு ஃபங்ஷனை எல்லா உறுப்புக்கும் பொருத்துவது). மேப்புக்கு நேரமே ஆகவில்லை. இதை நம்பலாமா? பைத்தான் 3.12.

பதில் 1:
நம்பாதீர்கள். பைத்தான் 3-இல் மேப் ஓர் இட்டரேட்டரைத்தான் (கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தருவது) கையில் கொடுக்கும். கேட்கும்வரை ஓர் எண்ணைக்கூட மாற்றாது. மேப்பை லிஸ்ட்டுக்குள் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். இன்ட் போல சி மொழியில் எழுதிய ஃபங்ஷன் என்றால் மேப் பெரும்பாலும் முந்தும். லாம்ப்டா (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) கொடுத்தால் ஒவ்வோர் எண்ணுக்கும் தனியாக ஒரு ஃபங்ஷன் கால், அதனால் காம்ப்ரிஹென்ஷனே மேல்.

பதில் 2:
பழைய பதிவுகளில் வரும் "அப்பெண்ட் ரொம்ப மெதுவு" என்ற பேச்சை இப்போது அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2022-இல் வந்த 3.11 முதல் அப்பெண்ட் அழைப்பும் நன்றாகவே வேகம் பிடித்துவிட்டது. 3.12-இல் காம்ப்ரிஹென்ஷனும் தனி ஃபங்ஷனாக ஓடாமல் அந்த இடத்திலேயே ஓடுகிறது.

பதில் 1 எழுதியவர்:
இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உங்கள் நேரத்தைத் தின்னப்போவது இந்த மூன்றில் எதுவுமே இல்லை, காணாமல் போன லிஸ்ட்டில் ஓர் எண் இருக்கிறதா என்று பார்க்கும் அந்த "இன்". லிஸ்ட்டில் தேடினால் முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போகும். லிஸ்ட்டில் இல்லாத எண்ணுக்கு 20,000 ஒப்பீடு. 5 லட்சம் எண்களுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,000 கோடி! காணாமல் போனவற்றை ஒரு செட் ஆக்கிவிடுங்கள். செட் ஹாஷ் (மதிப்பிலிருந்து கணக்கிடும் இட அடையாளம்) வைத்து நேராக இடத்துக்குப் போய்ப் பார்த்துவிடும், அளவு பெருகினாலும் தேடும் நேரம் பெருகாது. அப்புறம் எந்த லூப் எழுதினாலும் சரி.

கேள்வி கேட்டவர்:
நன்றி! எண்களின் வரிசை மாறக்கூடாதே, செட் அதைக் கலைத்துவிடாதா?

பதில் 1 எழுதியவர்:
காணாமல் போனவை மட்டும் செட். 5 லட்சமும் லிஸ்ட்டாகவே இருக்கட்டும், வரிசை அப்படியே வரும். ஆனால் செட்டை காம்ப்ரிஹென்ஷனுக்கு வெளியே, முன்னாடியே உருவாக்கி வையுங்கள். இஃப் பகுதிக்குள் எழுதினால் ஒவ்வோர் எண்ணுக்கும் 20,000 உறுப்புகளோடு புதிதாக ஒரு செட் கட்டும், லிஸ்ட்டைவிட மோசமாகிவிடும்.