எல்லா அனுமதியும் கொடுத்த பிறகும் ‘பெர்மிஷன் டினைடு’: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வடசேரி வயர்மேன்

எஸ்இலினக்ஸ் பற்றி நீட்டி முழக்க மாட்டேன்: வழக்கமான கோப்பு அனுமதிக்கு மேல் லினக்ஸ் கெர்னல் வைக்கிற இரண்டாவது காவல் அது. ஓடுகிற ப்ராசஸுக்கு ஒரு டொமைன், கோப்புக்கு ஒரு லேபிள், எந்த டொமைன் எந்த லேபிளைத் தொடலாம் என்று பாலிசி சொல்லும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரி. சென்டோஸ் 6 லினக்ஸ், அதில் பைண்ட் என்கிற டிஎன்எஸ் சாஃப்ட்வேர் (ப்ராசஸ் பெயர் நேம்ட்), இணையப் பெயருக்கு ஐபி சொல்கிற இரண்டாம் நிலை சர்வர். முதன்மை சர்வர் வேறு ஊரில். அங்கிருந்து ஜோன், அதாவது பெயர்-ஐபி பட்டியல், ஒழுங்காக இறங்குகிறது, கேட்டால் பதிலும் சொல்கிறது. ஆனால் லாகில் ‘டம்பிங் மாஸ்டர் ஃபைல்... பெர்மிஷன் டினைடு’ என்று வந்துகொண்டே இருக்கிறது. அதாவது இறங்கிய ஜோன் மெமரியில் மட்டும்தான் இருக்கிறது, டிஸ்கில் எழுதப்படவில்லை. கோப்புறையின் உரிமையாளரை மாற்றி, யாரும் எழுதலாம் என்கிற 777 அனுமதியும் போட்டு வைத்திருந்தார்கள். அசையவில்லை.

ஆடிட் லாகைத் திறந்தால் விடை அங்கேயே கிடக்கிறது. பைண்ட் ஓடுகிற நேம்ட்_டி டொமைன், நேம்ட்_ஜோன்_டி லேபிள் ஒட்டிய கோப்புறையில் எழுதப் போயிருக்கிறது, எஸ்இலினக்ஸ் மறுத்திருக்கிறது. அந்த பாலிசிப்படி ஜோன் கோப்புகளை பைண்ட் படிக்கலாம், எழுதக் கூடாது. வெளியிலிருந்து இறங்குகிறவற்றுக்கு என்றே பக்கத்தில் ‘ஸ்லேவ்ஸ்’ கோப்புறை, நேம்ட்_கேஷ்_டி லேபிளோடு, காலியாக இருக்கிறது. கான்ஃபிக்கில் ஃபைல் வரியை அங்கே திருப்பினால் வேலை முடிந்தது.

திருப்பப் போகும்போது கல்லூரி கூப்பிட்டிருந்த சீனியர் ஒருவர் வந்தார். “தள்ளு மக்கா” என்று கீபோர்டை இழுத்து, நின்றபடியே செட்என்ஃபோர்ஸ் 0 அடித்தார், அதாவது எஸ்இலினக்ஸ் தடுப்பதையே நிறுத்திவிட்டார். லாக் அமைதியானது. நிர்வாகத்தில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அவருக்குச் சாயா, பழம்பொரி. ஃபைல் வரி பற்றி நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

செட்என்ஃபோர்ஸ் அடுத்த ரீபூட் வரைக்கும்தான். ஐப்பசி மழையில் கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் படுத்தது, மெஷின் எழுந்தபோது என்ஃபோர்சிங் (தடுக்கும் நிலை) தானாகத் திரும்பி வந்துவிட்டது. அப்போது யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பிறகு கல்லூரி தன் இணையதளத்தை வேறு ஐபிக்கு மாற்றியது. அது மெமரிக்கு வந்ததே தவிர டிஸ்கில் ஏறவில்லை. அடுத்த கரண்ட் கட்டில் வெளி லைனும் சேர்ந்து போனதால், பைண்ட் பழைய கோப்பைத் தூக்கி வைத்துக்கொண்டு பழைய ஐபியைச் சொல்ல ஆரம்பித்தது. ரிசல்ட் வந்த வாரம். நிர்வாகம் யாரைக் கூப்பிட்டது தெரியுமா? அதே சீனியரை!

குளச்சல் கேபிள்

எனக்கு நடந்தது ஆப்ஆர்மரில். அதுவும் எஸ்இலினக்ஸ் மாதிரி காவல்தான், ஆனால் லேபிளுக்குப் பதில், புரொஃபைல் என்கிற விதிக்கோப்பில் எழுதிய கோப்புப் பாதைகளைப் பார்க்கும். வீடுகளுக்கு ஐபி கொடுக்கிற டிஎச்சிபி சர்வர், உபுண்டு. டிஸ்க் சாகப் போகிறது என்று லீஸ் (யாருக்கு எந்த ஐபி என்ற பதிவு) கோப்புறையைப் புது டிஸ்குக்கு நகர்த்திவிட்டுப் பழைய இடத்தில் புது இடத்தைக் காட்டும் சிம்லிங்க் வைத்திருந்தார்கள். ஆப்ஆர்மருக்கு சிம்லிங்க் வேடிக்கை எல்லாம் கிடையாது, கடைசியில் போய்ச் சேருகிற பாதை எதுவோ அதைத்தான் பார்க்கும். சர்வீஸ் எழவில்லை, ‘லீஸ் டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை’ என்கிறது. கெர்னல் லாகைக் காட்டும் டிமெசேஜில் டினைடு வரி தெளிவாக இருந்தது. லோக்கல் கோப்புறையில் அந்த புரொஃபைலுக்கு உரிய கோப்பில் புதுப் பாதையைச் சேர்த்து, பார்சரால் ரீலோட் செய்தேன். கடைசியில் கமா போட்டிருந்தேன், கமா இல்லாவிட்டால் பார்சரே திட்டும்.

திரும்ப ஸ்டார்ட் செய்தால் இப்போது ‘புது லீஸ் கோப்பை உருவாக்க முடியவில்லை’. போன் விடாமல் அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்த சனம் மொத்தமும் டிவியைப் போட்டிருக்கிறது. டிஎச்சிபி பழைய லீஸ் கோப்பின் மேலேயே எழுதாது. பெயருக்குப் பின்னால் நேரத்தை எண்ணாக ஒட்டிப் புதுக்கோப்பு ஒன்றை உருவாக்கி, அப்புறம்தான் பெயரை மாற்றும். நான் அனுமதித்ததோ ஒரே பெயரை. பாதையின் கடைசியில் ஒரு நட்சத்திரக்குறி, அவ்வளவுதான், எழுந்துவிட்டது. அந்த ஒற்றைக் குறிக்காக எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கினேன்! ஆனாலும் லேபிள், டொமைன் என்று மண்டையைக் குழப்பாமல் கோப்பின் பெயரை எழுதினால் போதும் என்கிற அளவில் ஆப்ஆர்மர்தான் மேல்.

பார்வதிபுரம் பாலம்

இரண்டு பேரும் இவ்வளவு நீளமாக அழுவதற்குப் பதில் கான்ஃபிக்கில் ‘டிசேபிள்ட்’ என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். உள் நெட்வொர்க், முன்னால் ஃபயர்வால். அதுவும் அமெரிக்க உளவுத்துறை எழுதிய எஸ்இலினக்ஸை வைத்து நம் காலேஜைப் பாதுகாக்க வேண்டுமா? அந்த சீனியர் செய்தது சரிதான். கஸ்டமருக்கு வேலை நடக்க வேண்டும்.

மார்த்தாண்டம் ரூட்

என் கதை இரண்டு வரிதான். ஒரு கல்யாண ஸ்டுடியோவில் நேம்ட் கான்ஃபிக்கை ரூட்டின் ஹோமில் வைத்துத் திருத்திவிட்டு எம்வி கட்டளையால் நகர்த்தியிருந்தார்கள். பழைய லேபிள் கூடவே வந்துவிட்டது, பைண்டால் படிக்க முடியவில்லை, லேபிளைச் சரியாக்கும் ரெஸ்டோர்கான் ஓட்டினேன், எழுந்தது.

இப்போது பாலத்துக்கு. ஃபயர்வால் இருக்கிறது, சரி. டிஎன்எஸ் சர்வருக்கு போர்ட் 53-ஐத் திறந்துதானே ஆக வேண்டும்? வருகிறவன் அந்த 53 வழியாகவே வந்து பைண்டுக்குள் புகுந்தால் ஃபயர்வால் என்ன செய்யும்? அந்த நேரத்தில் ப்ராசஸ் ரூட்டாகவே மாறினாலும் நேம்ட்_டிக்கு என்ன எழுதிக் கொடுத்திருக்கிறதோ அதைத் தாண்டக் கூடாது, இதற்குத்தான் இந்தப் பாடு. உளவுத்துறைக் கதைக்கும் பதில் உண்டு. அந்தக் கோட் 2000-இலேயே வெளியே வந்துவிட்டது, 2003-இல் கெர்னல் 2.6-இல் சேர்ந்தது. உலகமே படித்த கோட். அப்புறம், ரெட்ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் கான்ஃபிக்கில் ‘டிசேபிள்ட்’ என்று எழுதினால் மட்டும் முழுதாக அணையாது, கெர்னல் வரியில் எஸ்இலினக்ஸ்=0 கொடுக்க வேண்டும்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். ஒரு சர்வீஸ் மக்கர் செய்தால் மொத்த மெஷினையும் திறந்துவிடாதீர்கள். செமேனேஜ் பெர்மிசிவ் கொடுத்து நேம்ட்_டியை மட்டும் தளர்த்தலாம். மற்றவை காவலிலேயே இருக்கும், நேம்ட் செய்கிற மீறல்கள் லாகில் விழும். ஏயுசர்ச்சில் ஏவிசி (மறுப்பு) வரிகளை எடுத்து, எந்த டொமைன், எந்த லேபிள், என்ன செயல் என்று மூன்றையும் படியுங்கள். முக்கால்வாசி நேரம் லேபிள் தப்பாக இருக்கும், அல்லது பாலிசியில் ஏற்கனவே இருக்கிற ஒரு பூலியனை (ஆன்/ஆஃப் சுவிட்ச்) திறந்தால் போதும். அதற்கு செட்செபூல், மைனஸ் பெரிய பி மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் ரீபூட்டில் போய்விடும். சிஎச்கான் போட்டு லேபிள் மாற்றினால் அடுத்த ரீலேபிளில் காணாமல் போகும், செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்டில் எழுதிவிட்டு ரெஸ்டோர்கான் ஓட்டுங்கள். மறுப்பு லாகிலிருந்து புது விதி எழுதித் தருகிற ஆடிட்2அலவ் கடைசி ஆயுதம். அது தருகிற டிஇ கோப்பைத் திறந்து படிக்காமல் ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், மறுத்த எல்லாவற்றையும் அது அப்படியே அனுமதித்துக் கொடுத்துவிடும். எதுவுமே லாகில் வராமல் சர்வீஸ் மட்டும் செத்தால் லாகில் எழுதாமல் மறுக்கச் சொல்லும் டோன்ட்ஆடிட் விதிகள் மறைத்துக்கொண்டிருக்கலாம். அவற்றை அணைத்துப் பார்க்க செமாட்யூல் மைனஸ் டிபி, பார்த்து முடித்ததும் மைனஸ் பி.

வடசேரி வயர்மேன்

ரூட் அண்ணே, நீங்கள் சொன்ன பூலியன் அந்தக் கேஸிலும் உண்டு, நேம்ட்_ரைட்_மாஸ்டர்_ஜோன்ஸ். ஆனால் ஸ்லேவ்ஸ் கோப்புறை காலியாக இருக்கும்போது அதை எதற்குத் திறக்க வேண்டும்? பாலம், கஸ்டமருக்கு வேலை நடந்ததா என்று ரிசல்ட் வாரத்தில் பிள்ளைகளைக் கேளும்.

ஆரல் காற்று

குளச்சல் அண்ணாச்சி பாதைதான் சுலபம் என்கிறார். போர்ட் விஷயத்தில் எஸ்இலினக்ஸ்தான் எனக்குப் பிடிக்கும், இருந்தாலும் ஒன்று இன்னும் உறுத்துகிறது. முப்பந்தல் பக்கம் காற்றாலைகளின் லாகைச் சேர்க்க ஆர்சிஸ்லாக், போர்ட் 30514. சர்வீஸ்களைக் கிளப்புகிற சிஸ்டம்டி வழியாகக் கிளப்பினால் போர்ட்டைப் பிடிக்க முடியவில்லை, பெர்மிஷன் டினைடு. அதே கட்டளையை டெர்மினலில் ரூட்டாகக் கையால் அடித்தால் ஜம்மென்று ஓடுகிறது! கூட இருந்த தம்பி “அண்ணே, சிஸ்டம்டிதான் கெட்டுப்போச்சு” என்று ரீஇன்ஸ்டால் செய்யவே ஆரம்பித்துவிட்டான். கையால் கிளப்பியது கட்டுப்பாடில்லாத டொமைனில் ஓடியது, சர்வீஸாக வந்தது சிஸ்லாக்டி_டியில். செமேனேஜ் போர்ட்டில் 30514-ஐ சிஸ்லாக்டி_போர்ட்_டியோடு சேர்த்ததும் முடிந்தது. அந்தத் தம்பி இன்றுவரை நம்பவில்லை.

மார்த்தாண்டம் ரூட்

20514 ஏற்கனவே அந்தப் பட்டியலில் இருக்கிறது அண்ணே. அதை எடுத்திருந்தால் பாலிசியைத் தொடவே வேண்டாம்.

ஆரல் காற்று

அனுப்புகிற பெட்டிகள் எல்லாம் 30514 என்று செட் ஆகித்தான் வந்தன, ஒவ்வொரு காற்றாலைக்கும் போய் மாற்ற வேண்டும். ஆடி மாதக் காற்றில் நீங்கள் வந்து மாற்றித் தருகிறீர்களா?