புதுப்பிப்பு: வல்வா வலிக்கு ஒருவழியாகச் சரியான டாக்டர் கிடைத்தார்

பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் (அதுதான் வல்வா) 2 வருடமாக எரிச்சல், உட்கார்ந்தாலே வலி, மூன்று டாக்டர்களும் பூஞ்சைத் தொற்று என்று களிம்பு மட்டும் தருகிறார்கள், யாரிடம் போவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

நான்காமவரும் மகளிர் நல மருத்துவர்தான். ஆனால் போனிலேயே "வல்வோடினியா பார்ப்பீர்களா?" (காரணம் தெரியாமல் நீடிக்கும் வல்வா வலியின் பெயர்) என்று கேட்டுவிட்டுத்தான் போனேன். அதற்கு முன் இரண்டு இடங்களில் அந்தச் சொல்லையே திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். சரி, இங்கே வேண்டாம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இவர் முதலில் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். அப்புறம் பஞ்சு சுற்றிய குச்சியால் ஒவ்வொரு இடமாக மெல்லத் தொட்டு, வலிக்கு 0 முதல் 10 வரை எண் சொல்லச் சொன்னார். யோனி வாசலில் மட்டும் 8. தோல் நோய் இருக்கிறதா என்று பார்த்தார், கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கும் அனுப்பினார். இரண்டிலும் ஒன்றுமில்லை. 3 மாதமாவது வலி நீடித்து, வேறு காரணமும் தெரியாவிட்டால்தான் வல்வோடினியா என்பார்களாம். இடுப்புத்தளத் தசைகளும் (சிறுநீர்ப்பை, கருப்பையை அடியிலிருந்து தாங்குபவை) இறுகியிருந்தன. இதை முன்பு யாருமே தொட்டுப் பார்க்கவில்லை!

களிம்பு, வாசனை சோப்பு எல்லாம் நிறுத்தம். வாரம் ஒருமுறை இடுப்புத்தள பிசியோதெரபி, இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின். அது மனச்சோர்வு மாத்திரை ஆயிற்றே என்றேன். "உங்கள் வலி கற்பனை என்று சொல்லவில்லை, இது நரம்பு வலிக்கும் கொடுப்பதுதான்" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

4 மாதம் ஆகிறது. 8 இப்போது 4. ஜீன்ஸ் மட்டும் இன்னும் அலமாரியில்தான்.