கேஸ் கத்தியில் ‘6318 பியூ’, ‘61048’: இந்த எண்களை எப்படிப் பிரித்துப் படிப்பது?

கேள்வி | சிறுகத்தி

அமெரிக்க நிறுவனமான கேஸின் மடக்குக்கத்திகள் மூன்று கையில் இருக்கின்றன. முதல் கத்தியின் பெரிய அலகில், மடங்கும் ஆணிக்குப் பக்கத்தில் கூர் இல்லாமல் சதுரமாக இருக்கும் டாங் பகுதியின் பின்புறம் ‘6318 பியூ’ என்று அச்சு. முன்புறம் ‘கேஸ் எக்ஸ்எக்ஸ் யுஎஸ்ஏ’, அதற்குக் கீழே ஏழு புள்ளிகள். இரண்டாவதில் ‘61048’. மூன்றாவதில் எண்ணே இல்லை, ‘மஸ்க்ரேட்’ என்ற சொல் மட்டும்.

18, 48 என்பவை நீளமா? 61048இல் எந்த இலக்கம் எதைச் சொல்கிறது? விற்பவர்கள் ‘ஸ்டாக்மேன்’, ‘டிராப்பர்’ என்று எழுதுகிறார்களே, அந்தப் பெயரும் இந்த எண்ணும் ஒன்றுதானா? இதே முறையை ரெமிங்டன், விக்டோரினாக்ஸ் கத்திகளுக்கும் வைத்துப் படிக்கலாமா?

பதில் 1 | மான்கொம்பு

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். டிராப்பர், ஸ்டாக்மேன், பார்லோ, கனூ, காங்கிரஸ் எல்லாம் வடிவத்தின் பெயர்கள். எந்தத் தயாரிப்பாளரும் ஸ்டாக்மேன் செய்யலாம். எண் அப்படியல்ல, அந்தந்த நிறுவனத்துக்கே உரியது. கேஸ் நிறுவனத்தின் 18ஐ வேறொரு நிறுவனத்தின் 18ஓடு ஒப்பிட்டால் எதுவும் கிடைக்காது.

கேஸ் எண்ணை இடமிருந்து வலமாக மூன்று துண்டாக வெட்டுங்கள். முதல் இலக்கம் கைப்பிடி எதனால் ஆனது என்பது. இரண்டாவது இலக்கம் எத்தனை அலகு என்பது. மிச்சம் எல்லாம் தொழிற்சாலையின் வடிவ எண், அதாவது எந்தச் சட்டகம் என்பது. 18, 54, 20 எதுவும் நீளம் இல்லை. 20 என்பது பீநட், மூடிய நிலையில் 2⅞ அங்குலம். 07 என்பது மினி டிராப்பர், 3½ அங்குலம். 54 என்ற டிராப்பர் 4⅛ அங்குலம். எண்ணுக்கும் அளவுக்கும் தொடர்பே கிடையாது.

கைப்பிடி எண்கள்: 1 வால்நட் மரம், 2 கறுப்புச் செயற்கைப் பொருள், 3 மஞ்சள், 4 வெள்ளை, 5 மான்கொம்பு, 6 குழி செதுக்கிய எலும்பு, 7 மேப்பிள், ரோஸ்வுட் போன்ற மரங்கள், 8 அசல் முத்துச்சிப்பி, 9 போலி முத்துச்சிப்பி. விலை பேசும் இடத்தில் கண் வைக்கவேண்டியது 8க்கும் 9க்கும் நடுவில்தான். அச்சு தேய்ந்திருந்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். அப்போது கைப்பிடியையே பாருங்கள். அசல் சிப்பி தொட்டவுடன் சில்லென்று இருக்கும். வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால் உள்ளே அடுக்கடுக்காக ஒளி நகரும். போலியில் பளபளப்பு மேலோடு நின்றுவிடும்.

இனி உங்கள் கத்திகள். 6318: எலும்பு, மூன்று அலகு, 18ஆம் சட்டகம், நடுத்தர ஸ்டாக்மேன், மூடினால் 3⅝ அங்குலம். ‘பியூ’ என்பது அலகுகளில் ஒன்று தோலில் துளை போடும் பஞ்ச் என்று சொல்கிறது. அதே இடத்தில் ‘எஸ்பி’ இருந்தால் ஸ்பே, கால்நடைக்குக் காயடிக்கப் பயன்பட்ட மழுங்கிய முனை அலகு. ‘பென்’ இருந்தால் சிறிய பேனா அலகு. ஆக, 6318 என்று மட்டும் கேட்டு வாங்கினால் மூன்றில் எது வரும் என்று சொல்ல முடியாது.

61048ஐ 6, 1, 048 என்று வெட்டவேண்டும். எலும்பு, ஒரே அலகு, 048 ஸ்லிம்லைன் டிராப்பர். பலர் இதை ‘61, 048’ என்று வெட்டிவிட்டு 61 என்ன பொருள் என்று தேடுகிறார்கள். நடுவில் வரும் பூஜ்யம் ஏற்கெனவே உள்ள ஒரு வடிவத்தின் மாற்று வடிவம் என்பதற்கான அடையாளம். இன்னும் சில போட்டுப் பழகுங்கள்: 11031 எஸ்எச் என்றால் வால்நட், ஒரு அலகு, 031, ஷீப்ஃபுட் அலகு, அதாவது வெட்டும் விளிம்பு நேராகவும் முதுகு முனையில் வளைந்து இறங்கியும் இருப்பது. 52131 என்றால் மான்கொம்பு, இரண்டு அலகு, 131 கனூ. 610096 என்றால் எலும்பு, ஒன்று, 0096, சிறிய டெக்சாஸ் டூத்பிக்.

மஸ்க்ரேட் விதிவிலக்கு. அதற்கு எண் இடவில்லை, பெயரே அச்சு. இரண்டு முனையிலும் நீளமான ஒல்லி கிளிப் அலகு (முனைப்பக்கம் முதுகைச் சரித்து வெட்டியது) இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் அதன் அடையாளம். எண் அழிந்துபோன கத்தி என்று யாராவது விலையைக் குறைத்துப் பேசினால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதில் 2 | பத்துமடங்குலென்ஸ்

மேலே சொன்னது முறையாக இருக்கிறது. மூன்று திருத்தங்கள் சேர்க்கிறேன்.

ஒன்று: முதல் துண்டு எப்போதும் ஒரே இலக்கம் இல்லை. 10254 என்று கண்டால் ‘வால்நட், பூஜ்ய அலகு’ என்று வரும், அப்படி ஒரு கத்தி இருக்க முடியாது. அங்கே 10 என்பதே கைப்பிடி எண்: மைகார்ட்டா, ஜி-10 வகை, அதாவது துணி அல்லது கண்ணாடி இழை அடுக்குகளைப் பிசினில் இறுக்கிய பொருள். பிறகு 2 அலகு, 54. அதேபோல் 6.5 என்று புள்ளியோடு வந்தால் அது ‘போன்ஸ்டாக்’, மான்கொம்பு போலத் தோன்றும்படி செதுக்கிச் சாயம் ஏற்றிய எலும்பு. அந்தப் புள்ளியைத் தேய்மானம் என்று நினைத்து 65254 என்று எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு: 6 என்று அச்சிட்டிருந்தால் எலும்புதான் என்று அடித்துச் சொல்லாதீர்கள். 1960கள், 70களில் டெல்ரின் பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட பீநட் முதலிய கத்திகளும் 6ஓடுதான் வந்தன. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். எலும்பில் மிக நுண்ணிய துளைகள், கருமையான புள்ளிகள் தெரியும், குறிப்பாக ஓரங்களில். டெல்ரினில் எதுவும் இருக்காது, செதுக்கல் பள்ளங்களின் விளிம்பு அச்சில் வார்த்தது போல மழமழவென்று இருக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். டெல்ரினில் உருகிய தழும்பு நிரந்தரம், அத்தோடு கத்தியின் மதிப்பும் போய்விடும்.

மூன்று: பின்னொட்டு. எஸ்எஸ் துருப்பிடிக்காத எஃகு, சிவி குரோம் வனேடியம் கலந்த கார்பன் எஃகு. பழைய கத்தியில் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் கார்பன் எஃகு. காந்தம் வைத்துப் பிரிக்கலாம் என்பது தவறு; இந்த அலகுகளில் இரண்டு எஃகுமே ஒட்டும். அலகில் சாம்பல், நீல நிறப் படலம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமானது. எஸ்ஏபி என்றால் சேபர் முறையில் தீட்டியது, அலகின் பாதி உயரத்துக்கு மேல் முழுக் கனம் நிற்கும். எல் என்றால் பூட்டும் அலகு: 61549 எல், காப்பர்லாக், 49ஆம் சட்டகத்திலிருந்து வந்தது. ½ என்று சின்னதாக இருந்தால் பெரிய அலகு கிளிப். 62009, 62009½ இரண்டும் பார்லோதான், ஆனால் அலகு வேறு. ‘ரேஸ்’ என்றால் சவரக்கத்தி வடிவம்.

புள்ளிகள்: 1970இல் பத்துப் புள்ளி வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். ஏழு என்றால் 1973. ஆனால் 1980இல் மறுபடியும் பத்திலிருந்து தொடங்கினார்கள், அப்போது ஏழு என்றால் 1983. பிரித்துச் சொல்வது ‘கேஸ்’ என்ற ஆங்கில எழுத்தில் வரும் எஸ். அது மின்னல் கீற்றுபோல் கூர்கூராக ஒடிந்திருந்தால் 80கள்; வளைந்த சாதாரண எஸ் என்றால் 70கள். நாட்டுப் பெயர் 1965இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் 1940 முதல் 64 வரை ‘கேஸ் எக்ஸ்எக்ஸ்’ மட்டும். 1950க்கு முந்திய பல கத்திகளில் வடிவ எண்ணே கிடையாது. அங்கே எண்ணைத் தேடாமல் மூடிய நீளத்தை வெர்னியரில் அளந்து வடிவத்தை உறுதி செய்யவேண்டும்.

பதில் 3 | கார்பன்எஃகு

மற்ற நிறுவனங்களைப் பற்றிக் கேட்டீர்கள். ரெமிங்டன் இதற்கு நேர் எதிர்: கைப்பிடி எண் கடைசியில். ஆர்1123 என்றால் 3, எலும்பு. ஆர்1128 என்றால் 8, கோகோபோலோ மரம். ஆர்1306 என்றால் 6, மான்கொம்பு. 4 முத்துச்சிப்பி, 5 பைரமைட், அதாவது செல்லுலாய்டு, 9 உலோகம். முன்னால் உள்ள இலக்கங்களில் அலகு எண்ணிக்கையைத் தேடாதீர்கள், அப்படி ஒரு கணக்கு அங்கே இல்லை. கேஸ் பழக்கத்தில் ஆர்1123ஐப் பார்த்து ‘வால்நட், ஓர் அலகு’ என்று படிப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

ஆர்1123க்கு இன்னொரு சிக்கல். ரெமிங்டன் மடக்குக்கத்தி செய்தது 1920 முதல் 1940 வரை. 1982இல் அதே எண்ணோடு மறுபதிப்பு வந்தது. எண் ஒன்றே என்பதால் எண்ணை வைத்துக் காலம் சொல்ல முடியாது. கைப்பிடி டெல்ரினா எலும்பா என்பதை மேலே சொன்னபடி லென்ஸில் பாருங்கள், டெல்ரின் என்றால் மறுபதிப்பு.

ஸ்கிரேட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கத்திகளில் 34ஓடி, 8ஓடி, 885யூஎச் என்று இருக்கும். ஓடி என்பது ஓல்ட் டைமர், யூஎச் என்பது அங்கிள் ஹென்றி. வரிசையின் பெயரே தவிர, பொருளைச் சொல்லாது. அங்கே எண்ணைவிட டாங்கில் உள்ள நாட்டின் பெயர் முக்கியம்: நியூயார்க் மாநிலத்தில் இருந்த எல்லென்வில் தொழிற்சாலை 2004இல் மூடிய பிறகு அதே பெயர்கள் வெளிநாட்டில் தயாரான கத்திகளில் தொடர்ந்தன.

விக்டோரினாக்ஸ் 91 மி.மீ. குடும்பம்தான் படிக்க அழகானது. 1.3603 ஸ்பார்ட்டன், 1.3703 கிளைம்பர்: 6 ஏழானால் கத்தரி சேர்ந்தது. 1.3613 கேம்பர், 1.3713 ஹன்ட்ஸ்மேன்: 0 ஒன்றானால் ரம்பம் சேர்ந்தது. இப்போது 1.4603 டிங்கர், 1.4703 சூப்பர் டிங்கர், 1.4713 ஃபீல்டுமாஸ்டர்: 3 நான்கானால் பின்பக்கத்துக் கார்க் திருகு போய் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வந்துவிட்டது. கடைசியில் இன்னொரு புள்ளி வைத்து 3 இருந்தால் கறுப்புக் கைப்பிடி, டி இருந்தால் ஒளி ஊடுருவும் சிவப்பு. இந்தக் கணக்கை 58 மி.மீ. கிளாசிக் எஸ்டியின் 0.6223க்குக் கொண்டுபோகாதீர்கள், அங்கே ஒத்துவராது.

பிரான்சின் ஓபினெல் கத்தியில் எண் அளவைச் சொல்கிறது, ஆனால் நேரடியாகச் சென்டிமீட்டர் இல்லை. 8ஆம் எண் அலகு 8.5 செ.மீ., 10ஆம் எண் 10 செ.மீ.

சிறுகத்தி

புள்ளிகளைப் பார்த்தேன், எஸ் வளைந்துதான் இருக்கிறது. ஆக 1973. ஆனால் 61048இன் கைப்பிடி எலும்புபோல் இல்லை. வரிவரியாக, ஓரத்தில் வெளுத்து, மான்கொம்பு மாதிரி இருக்கிறது. எண் 6 என்று தெளிவாகத் தெரிகிறது. எது சரி?

பதில் 4 | பத்துமடங்குலென்ஸ்

எண் சொல்வது தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டபோது இருந்த நிலை. மான்கொம்பு போட்டிருந்தால் 51048 என்று அச்சிட்டிருப்பார்கள். முரண் வந்தால் கைப்பிடி மாற்றியது, அல்லது அலகு வேறு கத்தியிலிருந்து வந்தது, அல்லது அச்சைத் தவறாகப் படித்தீர்கள். கடைசியிலிருந்து சோதித்து வாருங்கள்.

அலகைத் திறந்து, டாங்கில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, காதுகுடையும் பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். மெட்டல் பாலிஷ், கம்பிநார் இரண்டும் ஆகாது. ஆழமில்லாத அச்சு நாலு தேய்ப்பில் காணாமல் போகும். எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தடவி மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பாருங்கள். 5க்கு மேல்கோடு நேராக இருக்கும், 6க்கு வளையும்.

6 உறுதியானால் கைப்பிடியின் ஆணிகளைப் பாருங்கள். கைப்பிடிக்கும் அதன் முனையில் உள்ள உலோகத் துண்டான போல்ஸ்டருக்கும் நடுவே நகம் மாட்டும் இடைவெளி, ஆணித்தலையைச் சுற்றி மயிரிழை விரிசல், போல்ஸ்டரில் புதிதாகத் தேய்த்த கோடு: இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தால் மாற்றிய கைப்பிடிதான். மூன்றும் இல்லையென்றால் அலகைப் பாருங்கள். மூடும்போது பக்கத்தில் உரசுகிறதா, திறந்த நிலையில் அலகின் முதுகும் பின் வில்லும் ஒரே மட்டத்தில் சேர்கின்றனவா? படி விழுந்தால் அலகு வேறு கத்தியின் அலகாக இருக்கலாம்.

பெட்டி இருந்தால் அதில் உள்ள ஐந்து இலக்க எண்ணைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது கடைக்காரர் ஆர்டர் போடும் எண். வடிவ எண் அதே ஒட்டுச்சீட்டில் தனியாக இருக்கும், அதைத்தான் டாங்கோடு ஒத்துப் பார்க்கவேண்டும்.

பதில் 5 | மான்கொம்பு

வைக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை, கேள்விக்கு வெளியேதான். பழைய செல்லுலாய்டு கைப்பிடிக் கத்தி ஏதாவது இருந்தால் இவற்றோடு ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள். அந்தப் பொருள் சிதையத் தொடங்கினால் வெளிவிடும் ஆவி பக்கத்தில் உள்ள கார்பன் அலகுகளை அரித்துவிடும், முதலில் போவது டாங்கில் உள்ள அச்சுதான். கைப்பிடிக்கு அருகில் மட்டும் திட்டாகத் துரு தெரிந்தால் அன்றே பிரித்து, காற்று ஓடும் இடத்தில் தனியாக வையுங்கள்.